முகத்தை மூடிக்கொண்டு போராடுவது: 'கறுப்பு அணி' பற்றி ஒரு விளக்கம்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு வழக்கமாக இலக்கியம் சார்ந்த தலைப்பைத்தான் நம் மன்றம் தேர்வு செய்யும். இம்முறை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் ஒரு கேள்வி. சென்ற ஆண்டு ஒரு மாவட்டத் தலைநகரில் நாம் நடத்திய ஆர்ப்பாட்டத்தில் மாணவர்கள் சிலர் கறுப்புக் கைக்குட்டையால் முகத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கிருந்தோ இரண்டு கற்கள் வந்து விழுந்தன. ஒரு பேருந்தின் கண்ணாடி உடைந்தது. பிறகு தடியடி. முதல் தகவல் அறிக்கையில் பதினொரு பெயர்களும், வழக்கம்போல 'மற்றும் பலர்' என்பதும் இருந்தன. அந்தப் பதினொருவரில் ஒரு தம்பி ஜாமீனில் வந்த மறுநாள் எங்களிடம் கேட்டார்: "அண்ணா, அமெரிக்காவுல ஆன்டிஃபா பசங்க முகத்த மூடிட்டுத்தானே நிக்கிறாங்க? அவங்க செஞ்சா எதிர்ப்பு, நாங்க செஞ்சா கலவரமா?"

நாம் இன்று நினைவுகூரும் தோழர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் கைப்பையில் கவிதைப் புத்தகம் ஒன்றும் வக்காலத்துத் தாள்கள் நான்கைந்தும் எப்போதும் இருக்கும். பிறகு உட்கார வைத்து விளக்கியிருப்பார். அவர் செய்திருக்க வேண்டியதை நாங்கள் செய்ய முயல்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'பிளாக் பிளாக்' என்பார்கள். முதல் சொல்லுக்குக் கறுப்பு என்று பொருள், இரண்டாவது சொல்லுக்கு ஊர்வலத்தில் ஒட்டி நடக்கும் அணி என்று பொருள். இது ஒரு கட்சியோ இயக்கமோ அல்ல. இதற்குத் தலைவர் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, சந்தா இல்லை. ஊர்வலத்தில் கையாளும் ஒரு முறை, அவ்வளவுதான். எல்லோரும் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, முகத்தில் துணி. காவல்துறையின் படத்தில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. அடிபட்டவரை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கல்லெறிந்தவர் கூட்டத்துக்குள் கரைந்துபோகலாம். காலையில் ஒன்றுகூடுவார்கள், மாலையில் சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறுவார்கள். அதன்பிறகு அந்த அணி இருக்காது.

ஆன்டிஃபா வேறு. பாசிச எதிர்ப்பு என்பதன் சுருக்கம் அது. 1932-ல் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கிய பாசிச எதிர்ப்பு நடவடிக்கையிலிருந்து வந்த பெயர். அதற்கு அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். இன்று அந்தப் பெயரில் இயங்குபவர்களில் பலர் முகமூடி அணிவதே இல்லை. வெள்ளை இனவெறிக் குழுக்களில் யார் இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து அம்பலப்படுத்துவதுதான் அவர்களின் பெரும்பகுதி வேலை. 2020 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் எஃப்.பி.ஐ. இயக்குநர் கிறிஸ்டோபர் ரே, ஆன்டிஃபா என்பது அமைப்பு அல்ல, ஒரு கருத்தியல், ஒரு போக்கு என்றுதான் சொன்னார். அய்ந்து ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், அதிபர் டிரம்ப் அதையே 'உள்நாட்டுப் பயங்கரவாத அமைப்பு' என்று உத்தரவு போட்டு அறிவித்தார். உறுப்பினர் பட்டியலே இல்லாத ஒன்றைத் தடை செய்தால் யாரை வேண்டுமானாலும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கறுப்பு அணி பிறந்தது மேற்கு ஜெர்மனியில், 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும். வீட்டு வாடகை ஏறிக்கொண்டிருந்தபோது நகரங்களில் காலி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மேற்கு பெர்லினின் குரோய்ட்ஸ்பெர்க்கிலும், ஹாம்பர்க் துறைமுகத் தெருவிலும் இளைஞர்கள் அந்த வீடுகளில் புகுந்து குடியேறினார்கள். புரோக்டார்ஃப் போன்ற இடங்களில் அணு உலைகளுக்கு எதிராகப் பெரும் போராட்டங்கள் நடந்தன. காவல்துறை படம் எடுத்தது. நியோ நாஜிகளும் படம் எடுத்தார்கள், பிறகு வீடு தேடி வந்து அடிப்பதற்காக. முகத்தை மூடியதற்கு முதல் காரணம் இந்தப் பாதுகாப்புதான். அதை வெறும் சாகச ஆசை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஜெர்மன் அரசு 1985-ல் ஊர்வலத்தில் முகம் மறைப்பதைத் தடை செய்தது. 1989-ல் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றமானது.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே நடந்த ஒன்றை, இந்த வரலாற்றை வீரகாவியமாகச் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் புதிய ஓடுபாதைக்காகக் காட்டை அழித்ததை எதிர்த்து அந்த வட்டார மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்களில் வயதானவர்கள் இருந்தார்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் இருந்தார்கள். ஓடுபாதை திறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலியோரம் நடந்து தங்கள் எதிர்ப்பைக் காட்டி வந்தார்கள். 1987 நவம்பர் 2 அன்று இரவு, அங்கே நடந்த ஆர்ப்பாட்டத்தில் இருட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. இரண்டு காவலர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு ஆர்ப்பாட்டத்தில் ஒரு காவலரிடமிருந்து பறிக்கப்பட்ட துப்பாக்கி அது. சுட்டது ஒரு கை. ஆனால் அத்தனை ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த ஓர் இரவோடு முடிந்துபோயின. மக்கள் வீட்டுக்குப் போனார்கள், வீடுகளில் சோதனை நடந்தது, சட்டம் கடுமையானது. அந்த மக்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் போராட்டத்தின் முடிவை ஒருவர் எழுதிவிட்டார்.

அமெரிக்காவில் இந்த முறை பேர் வாங்கியது 1999 நவம்பர் 30 அன்று சியாட்டில் நகரில். உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள், சூழலியலாளர்கள், மாணவர்கள் எனப் பல்லாயிரம் பேர் கூடினார்கள். சில நூறு பேர் கொண்ட கறுப்பு அணி ஸ்டார்பக்ஸ், நைக்கி போன்ற பெருநிறுவனக் கடைகளின் கண்ணாடிகளை உடைத்தது. கண்ணாடி உடைவதற்கு முன்பே, சாலையில் கைகோத்து உட்கார்ந்திருந்தவர்கள் மீது காவல்துறை கண்ணீர்ப்புகை வீசத் தொடங்கிவிட்டது. தொலைக்காட்சியில் அந்த வரிசை தலைகீழானது: முதலில் கண்ணாடி, பிறகு புகை. நகரக் காவல்துறைத் தலைவர் பதவி விலகினார். சட்டவிரோதக் கைதுகளுக்காக நகராட்சி பிற்பாடு இழப்பீடு கொடுத்தது. ஆனால் மக்கள் நினைவில் நிற்பது அந்தக் கண்ணாடிதான்.

ஜெனோவாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2001 ஜூலையில் இத்தாலியின் அந்தத் துறைமுக நகரில் பணக்கார நாடுகளின் ஜி-8 மாநாடு நடந்தது. ஜூலை 20 அன்று கார்லோ ஜூலியானி என்ற 23 வயது இளைஞர் முகத்தை மூடியிருந்த நிலையில், ஒரு காவல் வண்டியை நோக்கித் தீயணைப்பு உருளையைத் தூக்கினார். வண்டிக்குள் இருந்தவர் சுட்டார். கார்லோ விழுந்தார். அவர் மேல் வண்டி ஏறிப் போனது. மறுநாள் இரவு, வெளியூரிலிருந்து வந்தவர்கள் படுத்திருந்த டியாஸ் பள்ளிக்குள் காவல்துறை நுழைந்தது. உறங்குவதற்கான பைகளுக்குள் கிடந்தவர்களை அடித்து நொறுக்கினார்கள். 93 பேர் கைது, 60 பேருக்கு மேல் காயம். கறுப்பு அணியினர் அங்கே பதுங்கியிருந்ததாகவும், இரண்டு பெட்ரோல் குண்டுகள் கிடைத்ததாகவும் அறிவித்தார்கள். அந்தக் குண்டுகளைக் கொண்டுவந்து வைத்ததே காவல்துறைதான் என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2012-ல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் உயர் அதிகாரிகளின் தண்டனையை உறுதி செய்தது. 2015-ல் அய்ரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த இரவு நடந்தது சித்திரவதை என்று தீர்ப்பளித்தது. இத்தாலியில் சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் வந்தது 2017-ல்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பகலில் கடைகளை உடைத்தவர்கள் எப்போதோ கலைந்து போய்விட்டார்கள். முகமூடி அணிந்தவருக்குக் கலைந்துபோகும் வசதி இருக்கிறது. இரவில் அடிவாங்கியவர்கள் முகத்தை மூடாமல் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

முகமூடி யார் முகத்தையும் மறைக்கும், உளவாளியின் முகத்தையும்தான். 2007 ஆகஸ்டில் கனடாவின் மோன்டபெல்லோவில் நடந்த ஆர்ப்பாட்டத்தில், கைக்குட்டை கட்டிய மூன்று பேர் காவலர் வரிசையை நெருங்கினார்கள். ஒருவர் கையில் கல் இருந்தது. வயதான ஒரு தொழிற்சங்கத் தலைவர் குறுக்கே நின்று, கல்லைக் கீழே போடு, முகத்தைக் காட்டு என்று மடக்கினார். அந்தக் காட்சி வீடியோவில் பதிவானது. சில நாள் மறுத்துவிட்டு, மூவரும் தங்கள் ஆட்கள்தான் என்று கியூபெக் மாகாணக் காவல்துறை ஒப்புக்கொண்டது. வன்முறையைத் தூண்ட அவர்களை அனுப்பவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. நம் ஊரில் இதையெல்லாம் வீடியோ எடுத்தவர் மீதுதான் முதல் வழக்கு பாயும் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

2020 மே மாதம் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு நடந்தவை இன்னும் கசப்பானவை. அங்குக் காவல் நிலையம் எரிந்த இரவில் அதை நோக்கி 13 முறை சுட்டவர், டெக்சாசிலிருந்து வந்த 'பூகலூ' என்ற தீவிர வலதுசாரிப் போக்கைச் சேர்ந்தவர். அவரே பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். மறுநாள் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், கூட்டாட்சி அரசுக் கட்டடத்தின் வாசலில் நின்ற ஒரு காவலாளி ஓடும் வண்டியிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்தவர் ஒரு கறுப்பினத்தவர். சுட்டவர் விமானப்படையில் பணியிலிருந்த ஒரு சார்ஜன்ட், அதே பூகலூ போக்கைச் சேர்ந்தவர். அருகே நடந்துகொண்டிருந்த கறுப்பின மக்களின் ஊர்வலத்தைத் தனக்கு மறைப்பாக அவர் பயன்படுத்திக்கொண்டார் என்றது விசாரணை. ஜூன் மாதமே அவர் பிடிபட்டுவிட்டார். ஆகஸ்டில் நடந்த கட்சி மாநாட்டில், அந்தக் காவலாளி ஓக்லாந்து கலவரத்தில் கொல்லப்பட்டார் என்று அன்றைய துணை அதிபர் பேசினார். யார் கொன்றது என்று சொல்லவில்லை. கேட்டவர்கள் யாரை நினைத்திருப்பார்கள்?

இவ்வளவையும் சொல்வதால், முகமூடி அணிந்த எல்லோரும் உளவாளிகள் அல்லது பொறுப்பற்றவர்கள் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் திரண்டபோது, கைகோத்து நின்ற மதகுருமார்களை அடியிலிருந்து காப்பாற்றியவர்கள் பாசிச எதிர்ப்பாளர்கள்தான் என்று, அந்த வரிசையில் நின்ற கறுப்பினச் சிந்தனையாளர் கார்னெல் வெஸ்ட் வெளிப்படையாகச் சொன்னார். அன்று ஒரு வெள்ளை இனவெறியர் கூட்டத்தின் மீது கார் ஏற்றியதில் ஹெதர் ஹையர் என்ற பெண் உயிரிழந்தார். கண்ணாடி உடைப்பதையும் ஆள் மீது கார் ஏற்றுவதையும் ஒரே தராசில் வைத்து 'இரு தரப்பும்' என்று பேசுபவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

முகமூடிக்கும் சட்டத்துக்குமான உறவு பழையது. நியூயார்க் மாநிலத்தில் 1845-ல் முகமூடித் தடைச் சட்டம் வந்தது. யாருக்கு எதிராக? குத்தகை விவசாயிகளுக்கு எதிராக. ஹட்சன் பள்ளத்தாக்கில் பெரும் நிலவுடைமையாளர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகை அளந்த உழவர்கள், பூப்போட்ட பருத்தி அங்கியும் ஆட்டுத்தோல் முகமூடியும் அணிந்து, தகரக் கொம்பு ஊதி, ஜப்தி செய்ய வந்த ஷெரிஃபுகளை விரட்டினார்கள். அவர்களை ஒடுக்க வந்த அந்தச் சட்டத்தை 2011-ல் வால் ஸ்டிரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்கள் மீதும் பயன்படுத்தினார்கள். 2020-ல் கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட வேண்டியிருந்தபோதுதான் அதை நீக்கினார்கள்.

தென் மாநிலங்களின் கதை வேறு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வெள்ளைக் குல்லாய் மாட்டிய கு கிளக்ஸ் கிளான் கும்பல் இரவில் வந்து கொன்றது. மாறுவேடத்தில் கூடி இன்னொருவரின் உரிமையைப் பறிப்பது 1870-ல் கூட்டாட்சிக் குற்றமாக்கப்பட்டது. அலபாமாவில் 1949-லும், ஜார்ஜியாவில் 1951-லும் முகமூடித் தடைச் சட்டங்கள் வந்தது கிளானைக் குறிவைத்துத்தான். கிளான்காரருக்கு அந்தக் குல்லாய் உண்மையில் எதையும் மறைக்கவில்லை. குல்லாய்க்குள் இருப்பவர் பகலில் கடை வைத்திருப்பவர், ஷெரிஃப், ஜூரியில் உட்காருபவர் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சாட்சி சொல்ல முடியாது என்பதுதான் அந்தக் குல்லாயின் பலம். ஆதிக்கத்தில் இருப்பவருக்கு முகமூடி ஒரு கூடுதல் வசதி மட்டுமே.

நம் நிலை அதற்கு நேர் எதிர். நம்மைப் பிடிக்க முகம் தேவையில்லை, முகவரி போதும். 'மற்றும் பலர்' என்று எழுதிவிட்டால் அந்தச் சேரியில் எந்தக் கதவையும் நள்ளிரவில் தட்டலாம். சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்பது 1860-ன் தண்டனைச் சட்டத்தில் 149ஆம் பிரிவு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 190ஆம் பிரிவு. எண் மட்டும்தான் மாறியிருக்கிறது. அமெரிக்காவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 2017 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்றபோது வாஷிங்டனில் கறுப்பு அணி சில கண்ணாடிகளை உடைத்தது. காவல்துறை ஒரு தெருமுனையையே சுற்றி வளைத்து, செய்தியாளர்கள், முதலுதவி செய்தவர்கள் உட்பட 200-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. கறுப்புச் சட்டை போட்டு உடன் நடந்ததே சதியில் பங்கு என்று வாதிட்டது அரசுத் தரப்பு. முதலில் விசாரிக்கப்பட்ட ஆறு பேரையும் ஜூரிகள் விடுவித்தார்கள். சாட்சியங்களை அரசுத் தரப்பு மறைத்தது வெளியானது. 2018 ஜூலையில் மீதி வழக்குகள் கைவிடப்பட்டன. ஒன்றரை ஆண்டு! நம் தோழர்களில் சிலர் பத்து ஆண்டுகளாக வாய்தாவுக்கு நடக்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'குற்றவழக்கு நிலுவையில் உள்ளதா' என்ற கட்டத்தில் எழுதவேண்டிய 'ஆம்' வேறு.

நம் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடைய அமெரிக்க இயக்கம் முகத்தை மூடிய ஒன்றல்ல. 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் தோல் மேலங்கியும் வட்டத்தொப்பியும் அணிந்து திறந்த முகத்தோடு நின்றார்கள். அன்றைய கலிஃபோர்னியச் சட்டப்படி துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தலாம். ஏந்திக்கொண்டு, காவல்துறை கறுப்பினத்தவரை நிறுத்தும் இடமெல்லாம் போய்க் கண்காணித்தார்கள். உடனே சட்டத்தையே மாற்றினார்கள். 1967-ல் அதில் கையெழுத்துப் போட்டவர் அன்றைய ஆளுநர் ரீகன். 1969-ல் சிறுத்தைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 4 விடியற்காலையில் சிகாகோவில் ஃபிரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 21. வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர் அவருடைய பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்தவரே. திறந்த முகமும் உளவாளியிடமிருந்து காப்பாற்றவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுதான் 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசல், ஜே.வி.பவார், ராஜா தாலே போன்றவர்கள் தலித் சிறுத்தைகளைத் தொடங்கினார்கள். அவர்கள் எழுத்தாளர்கள். முகமும் பெயரும் கையெழுத்தும்தான் அவர்களின் ஆயுதம். 1974 ஜனவரியில் வொர்லி கலவரத்தையொட்டி நடந்த ஊர்வலத்தின் மீது மாடியிலிருந்து போடப்பட்ட கல் பாகவத் ஜாதவ் என்ற தோழரின் உயிரைப் பறித்தது.

இங்கே யாராவது அண்ணலை மேற்கோள் காட்டி விவாதத்தை முடித்துவிடுவார்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அவர், இரத்தம் சிந்தும் வழிகளை மட்டுமல்ல, சத்தியாகிரகத்தையும்கூட விட்டுவிட வேண்டும் என்றார். அது உண்மை. ஆனால் அரசமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது என்ற நிபந்தனையோடு சொன்னார். அவ்வழிகள் இல்லாத காலத்தில் மற்றவற்றுக்கு நியாயம் இருந்தது என்பதையும் சொன்னார். 1927 மார்ச் 20 அன்று மகாதில் குளத்து நீரைக் குடித்துவிட்டுத் திரும்பிய நம் மக்களைப் பந்தலில் சோறு தின்னும் இடத்தில் புகுந்து அடித்தார்கள். திருப்பி அடிக்கத் தெரிந்த முன்னாள் படைவீரர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அண்ணல் அவர்களைத் தடுத்தார். அவர்கள் கோழைகள் என்பதால் அல்ல. மாநாடு முடிந்து ஒவ்வொருவரும் தனித்தனியாக அவரவர் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆண்டே டிசம்பரில் எல்லோர் கண்முன்னும் மனுஸ்மிருதி எரிந்தது. குளத்து வழக்கை 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை நடத்தி வென்றார்.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வுகளைக் கேட்பீர்கள். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்ட இயக்கங்களை ஒப்பிட்டு, வன்முறையற்றவை 53 விழுக்காடும் ஆயுதப் போராட்டங்கள் 26 விழுக்காடும் வென்றதாக 2011-ல் எழுதினார்கள். அதில் 'வன்முறையற்றவை' என்று எண்ணப்பட்ட பலவற்றில் கல்லெறிதல் இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒமார் வாசோ 2020-ல் வெளியிட்ட ஆய்வு 1960களின் அமெரிக்காவைப் பற்றியது. அமைதியான ஊர்வலத்தின் மீது அரசு வன்முறை ஏவியபோது வெள்ளையரின் ஆதரவு கூடியது. ஊர்வலமே வன்முறையானபோது 1968 தேர்தலில் அவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள் என்கிறார். பயனுள்ள ஆய்வுதான். ஆனாலும், அடிபடுவதைப் பார்த்தால்தான் அவன் இரங்குவான் என்ற அந்தக் கணக்கில் நம் உடம்புதானே முதலீடு என்று எங்களுக்கு ஓர் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு எங்கள் பதில் இது. முகத்தை மூடியது தப்பில்லை. கேமராவும் முகமறி மென்பொருளும் நம்மைத் துரத்தும் காலத்தில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லையே, அதுதான் எங்களை உறுத்துகிறது. ஒரே நிறக் கைக்குட்டையில் நம் ஆளும் வெளியாளும் ஒன்றாகத் தெரிந்தார்கள். நம் கூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று நமக்கே தெரியாமல் போனது. அன்று கூட்டத்தின் பின்வரிசையில் பிள்ளைகளோடு நின்ற அக்காக்களை, இப்படிச் செய்யலாமா என்று யாரும் கேட்கவுமில்லை. அடுத்த முறை ஒவ்வொரு வரிசைக்கும் பெயர் தெரிந்த இருவர் பொறுப்பு. வழக்கறிஞரின் எண் எல்லோர் கையிலும் எழுதியிருக்கும். கலைந்துபோகும் வழியை முந்தைய நாளே நடந்து பார்த்துவிடுவோம். வீடியோ எடுக்க நம் ஆட்கள் நால்வர் நிற்பார்கள்.

இந்தச் சொற்பொழிவின் அச்சுப் பிரதியை விற்று வரும் பணம் அந்தப் பதினொருவரின் வழக்குச் செலவுக்குப் போகிறது. அடுத்த வாய்தாவுக்கு மன்றத்திலிருந்து இரண்டு பேர் உடன் வருவார்கள். முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு நீதிமன்ற வாசல் டீக்கடைக்கு வந்துவிடுங்கள்.